காதைத் தொட்ட கை

புதுவாயல் கூட்டுரோட்டில் விமல் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் திரை முழுக்க சோனியா நின்றுகொண்டிருந்தாள். வலது கையைப் பின்னால் இழுத்து, இடது காலைத் தூக்கி, பந்தை விடப் போகிற நேரம். மேலே மஞ்சள் எழுத்தில் ‘சோனியா நினைவுக் கோப்பை, மாவட்ட மகளிர் பேஸ்பால் போட்டி’ என்று இருந்தது. அடியில் ஓரமாக, தபால்தலை அளவுக்கு என் முகம். ‘முன்னிலை: திருமதி நர்மதா, உடற்கல்வி ஆசிரியை, மாவட்டச் சங்கத் துணைத் தலைவர்.’

செத்துப்போனவளுக்கு ஆள் உயரம். உயிரோடு இருக்கிறவளுக்குக் கட்டைவிரல் நகம். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவள் உயிரோடு இருந்தபோதும் எரிந்தது, போன தை மாதம் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனபோதும் எரிந்தது.

“எப்டி கீது டீச்சர்?” என்றான் விமல். கடைக்காரன் மட்டுமில்லை, எங்கள் பேஸ்பால் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான்.

“என் மூஞ்சி மேல கொசு உக்காந்தா மறைஞ்சிடும் போல கீதே.”

“அத்த பெருசு பண்ணிடலாம் டீச்சர். பேஜாரு அது இல்ல.” நாற்காலியைத் திருப்பிப் போட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தான். “தேர்வாய் கண்டிகை கம்பெனில கோப்பையும் யூனிபார்மும் தர்றேன்னாங்க இல்ல. இப்ப பின்வாங்குறாங்க. சோனியாக்கா வயச மாத்திக் காட்டி ஆடுனவங்க, தடை வாங்குனவங்கன்னு யாரோ போட்டுக் குட்த்துட்டானுங்க. ஏமாத்துனவங்க பேர்ல நாங்க கோப்பை தர முடியாதுன்றாரு மேனேஜரு.”

“அப்ப இன்னா பண்ணப் போறே?”

“நீங்கதான் சொல்லணும். அவங்க கூட ஆடுனவங்க நீங்க ஒருத்தர்தான் சங்கத்துல கீறீங்க. அவங்க மேல தப்பில்லன்னு நீங்க வந்து சொன்னா கம்பெனிக்காரங்க ஒத்துக்குவாங்க. இல்லன்னா பேர மாத்திட வேண்டியதுதான். நாளைக்கு பிரிண்ட் போட்டாகணும்.”

“மாத்துனா யார் பேரு?”

விமல் தலையைச் சொறிந்தான். “உங்க பேரயே வெக்கலாம் டீச்சர். தமிழ்நாடு டீமுக்கு நம்ம மாவட்டத்துலேர்ந்து மொதல்ல ஆடுனது நீங்கதான.”

பேச்சுக்குத்தான் சொன்னான். ஆனால் நர்மதா சுழற்கோப்பை என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, உடனே சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

சோனியாவின் அம்மா கிரேஸ் எங்கள் நிலத்தில் நாற்று நட்டவள். காலனியிலிருந்து வருவாள். பள்ளிக்கூடத்தில் சோனியா எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தாள். அதனால் நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் தெருவில் யாரும் காலனிப் பிள்ளைகளை அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நான் நாகரிகமானவள் என்று எனக்கு நினைப்பு.

நாங்கள் ஹைஸ்கூலில் இருந்தபோது ஆதிகேசவன் சார் விளையாட்டு ஆசிரியராக வந்தார். ஒரு சாக்குப் பையில் தோல் கையுறைகளும் உருட்டு மட்டைகளும் கொண்டுவந்து கொட்டினார். பையன்கள் கிரிக்கெட்டை விட மாட்டோம் என்று ஓடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்கள். சுற்று வட்டாரத்தில் பேஸ்பால் என்ற சொல்லையே கேட்டிராத காலம் அது. முதல் நாள் ஒவ்வொருத்தியாகப் பந்தை எறியச் சொன்னார். சோனியா எறிந்ததும் அதைப் பிடித்தவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதிக்கொண்டார். அதன் பிறகு எறிந்த யாரையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்து எறிந்தது நான்.

அந்தக் கை எங்கள் வயலில் வளர்ந்த கை. கதிர் முற்றும் பருவத்தில் குருவி விரட்டக் கூலிக்கு நின்றவள் அவள். மண்கட்டியை எடுத்து வீசினால் எதிர் வரப்பில் போய் விழும். எங்கள் நெல்லைக் காவல் காத்து வந்த வேகம், கடைசியில் என்னையே பெஞ்சில் உட்கார வைத்தது. நான் பால் குடித்தேன், முட்டை தின்றேன், விடியற்காலையில் எழுந்து சுவரில் எறிந்து எறிந்து தோள் வீங்கிப்போனேன். அவள் பழையதைக் குடித்துவிட்டு வந்து சாதாரணமாக எறிவாள். பந்து விஸ்ஸென்று போகும். அவளுக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று நான் வேண்டாத சாமி இல்லை.

ஆயிற்று. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாநிலப் போட்டியில், சென்னைப் பள்ளிக்கூடத்தை இறுதி ஆட்டத்தில் அவள் ஒருத்தியாகவே சுருட்டி எறிந்தாள். பேப்பரில் படம் வந்தது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இது பதினாறு வயதுப் பெண்ணின் கை இல்லை என்று புகார் கொடுத்தார்கள். விசாரித்தபோது, ஆதிகேசவன் சார் எழுதிக் கொடுத்த வயது ஒன்றாகவும் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்த வயது அதைவிட அதிகமாகவும் இருந்தது. சான்றிதழ்படி அவள் என்னைவிடவே மூத்தவள், வயது வரம்பைத் தாண்டியவள். அவள் அம்மா சொன்னதை வைத்துத்தான் எழுதினேன் என்றார் சார். கிரேஸ் மைதானத்துக்கே வந்து, “எம் பொண்ணு புயல்ல பொறந்தா சார், புயல்ல பொறந்தா” என்று கத்தினாள். அதிகாரி, “உங்க ஊர்ல எந்த வருஷம்மா புயல் வரல?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சோனியாவுக்குத் தடை. சாரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். சான்றிதழிலேயே இவ்வளவு என்றால் உண்மையான வயது இன்னும் எவ்வளவு இருக்கும் என்று ஊரே பேசிற்று. அவளைப் பார்த்தால் பையன்கள் ‘கெழவி’ என்றார்கள். அடுத்த வருடம் பந்து என் கைக்கு வந்தது. மாநில அணியில் ஆடினேன். அந்த விளையாட்டுச் சலுகையில்தான் கல்லூரி, வேலை எல்லாம்.

எனக்குள் ஒரு மருந்து வைத்திருந்தேன். அவள் பெரியவள், அதனால்தான் என்னை ஜெயித்தாள், சம வயதாக இருந்திருந்தால் கதையே வேறு. இத்தனை வருடமும் எப்போது வயிறு எரிந்தாலும் அந்த மருந்தில் ஒரு மடக்கு குடித்துக்கொள்வேன்.

குடிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் நிறைய வந்தன. சோனியா கம்பெனி வேலைக்குப் போனாள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்யும் யேசுதாஸைக் கட்டிக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து வந்து, சிப்காட்டில் காலியாகக் கிடந்த மனையில் முள்ளை வெட்டி, காலனிப் பெண்களுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுத்தாள். இன்றைக்கு மாவட்ட அணியில் பாதிப்பேர் அவள் ஆட்கள். என் பள்ளிக்கூடத்தில், சம்பளம் வாங்கும் டீச்சர் நான், பந்தை இப்படிப் பிடி என்று சொன்னால், “சோனியாக்கா வேற மாரி புடிக்கச் சொன்னாங்களே டீச்சர்” என்பார்கள். சிறுநீரகம் கெட்டு அவள் செத்தபோது, அந்தப் பெண்கள் விளையாட்டு உடையோடு வந்து பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். எனக்கு யார் இப்படி வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சாவு வீட்டில் பிணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

கடையிலிருந்து நேராக ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அம்மா டிவியில் சீரியல் ஓட விட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

“எம்பேர்ல ஒரு கப்பு வெக்கப் போறாங்கம்மா” என்றேன். வாயெல்லாம் பல்.

“எதுக்கு?”

“பேஸ்பாலுக்கு. சோனியா பேர்ல வெக்கறதா இருந்துச்சி. கம்பெனிக்காரங்க வோணான்றாங்க. வயச ஏமாத்துனவ பேர்ல எப்டி வெக்கிறது?”

அம்மா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தாள். சீரியல் நடுவில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“யாரு ஏமாத்துனது? அவ உன்னவிடச் சின்னவடி.”

“இன்னாம்மா சொல்றே? எனக்கு முன்னாடி கிளாஸ் அவ.”

“கிளாஸ வுடு. பெரிய புயல் அடிச்சப்ப அவங்க குடிசை காத்துல போச்சி. கிரேஸ் வயித்துப் புள்ளயோட நம்ம மாட்டுக்கொட்டாய்க்கு வந்துட்டா. அங்கதான் பெத்தா. நான்தான் சுடுதண்ணி வெச்சிக் குட்த்தேன். நீ அப்ப நல்லா நடந்துகினு இருந்தே. தூளிய ஆட்றேன்னு போயி, அவ கையக் கிள்ளி வெச்சிட்டு ஓடியாந்தே.”

“நான் எதுக்குக் கிள்ளணும்?”

“உன்னோட பழைய சொக்கா ஒன்ன அவளுக்குப் போட்டு வுட்டேன். பொறுக்கல உனுக்கு.”

கையில் இருந்த கீரைக்காம்பை முறித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நம்பத் தோன்றவில்லை. “அப்ப எப்டி எனக்கு முன்னாடி பள்ளிக்கூடம் சேந்தா?”

“நடவுக் காலம். சின்னப் புள்ளய எங்க வுடுவா? பள்ளிக்கூடத்துல சத்துணவு போட்றாங்களேன்னு அவளயும் கொண்டாந்து வரிசையில நிறுத்துனா. உன்னயும் அன்னிக்குத்தான் நான் இஸ்துக்கினு போனேன். பெரிய வாத்தியாரு ஒவ்வொண்ணா தலைமேல கையப் போட்டு அந்தாண்ட காதத் தொடச் சொன்னாரு. அவளுக்கு அப்பவே பனமட்ட மாரி நீட்டுக் கை. தொட்டுட்டா. அஞ்சு வயசு முடிஞ்சிதுன்னு எழுதிக்கினாரு. உனுக்கு எட்டல. அடுத்த வருஷம் கூட்டியாங்கன்னுட்டாரு. ஊடு வர்ற வரிக்கும் அழுதுகினே வந்தே.”

அழுதது எனக்கு ஞாபகம் இருந்தது. தலைமேல் கையைப் போட்டு, விரலை நீட்டி நீட்டிப் பார்த்து, காது கிடைக்காமல் போனது ஞாபகம் இருந்தது. எனக்கு முன்னால் நின்று தொட்டவள் யார் என்பதுதான் ஞாபகம் இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாரிடம் இருந்தது? கை காதைத் தொட்டால் ஐந்து வயது. தேதி ஜூன் ஒன்று. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்றுதான். ஆசிரியை வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். சோனியாவோடு சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். யோசிக்க எனக்கு விருப்பமும் இருந்ததில்லை.

கிரேஸ் சொன்னது நிஜம். சார் எழுதியதும் நிஜம். நிஜத்தை எழுதியதற்குத்தான் அவளை ஏமாற்றுக்காரி என்றார்கள்.

“அன்னிக்கே வந்து நீ சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றேன்.

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கிரேஸ் வந்து கூப்ட்டா. ‘அம்மா, நீ வந்து ஒரு வார்த்த சொல்லு, பெரிய ஊட்டுக்காரங்க சொன்னா நம்புவாங்க’ன்னு கெஞ்சினா. நான் போல.”

“ஏம்மா?”

“நீ சோறு துன்னாம கெடந்தே. அவ இருக்கிற வரிக்கும் உன்ன எறக்க மாட்டாங்கன்னு ராவும் பகலும் அழுதே. அவ போனாத்தான் உனுக்குக் கெடைக்கும்னு தோணிச்சி. கெடைச்சிதில்ல?”

முதலில் எனக்கு எது வலித்திருக்க வேண்டும்? சோனியாவுக்கு நடந்தது வலித்திருக்க வேண்டும். அது வலிக்கவில்லை. அவளை நேருக்கு நேர் நான் ஜெயிக்கவே மாட்டேன் என்று என்னைப் பெற்றவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதுதான் முதலில் வலித்தது. என்னைவிடச் சின்னப் பெண் என்னைத் தோற்கடித்தாள், அவளை நான் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன், அது அடுத்தது. இத்தனை வருடம் குடித்த மருந்து வெறும் தண்ணீர். எழுந்து வாசலுக்கு வந்து ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் மைதானத்தில் கிரேஸ் கத்தியது காதில் கேட்டது. கிரேஸும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுடுதண்ணீர் வைத்தவளைத் தவிர இந்த விஷயத்துக்கு இப்போது சாட்சி கிடையாது. அவள் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இதை நான் யாரிடமும் சொல்லாவிட்டால் கேட்க ஆளில்லை. கோப்பை என் பேரில் வரும். அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். திரும்ப உள்ளே போனேன்.

“ஞாயித்துக்கெழம காலையில வந்து கூட்டினு போறேன். நீ வந்து மைக்குல சொல்லணும்” என்றேன்.

“உன் கப்பு?”

“நீ வா.”

அம்மா ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்தாள். பிறகு, “நல்ல பொடவையா கட்டிக்கட்டுமா?” என்றாள்.

நான் போனபோது விமல் கடையைச் சாத்த ஆரம்பித்திருந்தான். “சோனியா பேருதான். மாத்தாத. மேனேஜர ஞாயித்துக்கெழம நேர்ல வரச் சொல்லு, எல்லார் முன்னாடியும் விஷயத்தச் சொல்றோம்” என்றேன். கதையைக் கேட்டுவிட்டு அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். சோனியாவிடம் பந்து எறியப் பழகியவள் அவன் தங்கை.

“உங்க போட்டோவ எடுத்துடட்டுமா டீச்சர்?” என்றான், ஏதோ பெருந்தன்மை காட்டுகிறவளைப் பார்ப்பதுபோல.

“எதுக்கு எடுக்கணும்? கொஞ்சம் பெருசு பண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை சிப்காட் மைதானத்தில் நல்ல கூட்டம். கம்பெனி மேலாளர் வந்திருந்தார். காலனியே வந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்தும் சிலர் வந்து தள்ளி நின்றார்கள். அம்மா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மைக்கைப் பிடித்து, வரிசையில் நின்று காதைத் தொட்ட கதையைச் சொன்னேன். கூட்டத்தில் இருந்த வயதானவர்கள் தங்களையறியாமல் தலைமேல் கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். “சோனியா என்னைவிட ஒரு வயசுக்கு மேல சின்னவங்க. அவங்க யாரையும் ஏமாத்தல” என்றேன். அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எங்க கொட்டாயிலதான் பொறந்தா. நான்தான் குளிப்பாட்டுனேன். கிரேஸ் கூப்ட்டப்பவே நான் வந்திருக்கணும். வர்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் மாநில அணிக்கு ஆடியபோதுகூடக் கேட்டதில்லை. அத்தனையும் சோனியாவுக்கு. சொன்னவள் நான், சாட்சி என் அம்மா, கைதட்டல் அவளுக்கு. பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. மேலாளர் எழுந்து கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

முதல் பந்தை நான் எறிந்து போட்டியைத் தொடங்கிவைக்க வேண்டும் என்றார்கள். பந்தை எடுத்துவந்து கொடுத்தவர் சோனியாவின் புருஷன் யேசுதாஸ். கண் சிவந்திருந்தது.

“டீச்சர், ஒண்ணு சொல்லணும். அவளுக்கு உங்க மேல ரொம்பப் பொறாம.”

“எம்மேலயா?”

“ஆமா டீச்சர். ‘நர்மதாவுக்கு கை எட்டல, அழுதுகினே ஊட்டுக்குப் போயிடுச்சி, தப்பிச்சிது. எனக்கு எட்டித் தொலைச்சிது. அந்த மாரி சின்னக் கையா இருந்திருந்தா நானும் ஸ்டேட்டுக்கு ஆடியிருப்பேன்’னு சொல்லிக்கினே இருப்பா.”

பந்து என் கையில் கனத்தது. “அப்ப வயசு அவங்களுக்குத் தெரியும். நான் அக்கான்னு கூப்ட்டப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

யேசுதாஸ் லேசாகச் சிரித்தார். “நானும் கேட்டேன் டீச்சர். ‘பெரிய ஊட்டுப் பொண்ணு என்ன அக்கான்னு கூப்டுது. எல்லாம்தான் போச்சி, இத்தயும் ஏன் வுடணும்’னா.”

நான் மைதானத்தின் நடுவில் போய் நின்றேன். எதிரே சோனியாவிடம் பழகிய பெண் ஒருத்தி கையுறையை விரித்துக் குந்தியிருந்தாள். பின்னால் அந்தப் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் இருப்பதுபோலவே கையைப் பின்னால் இழுத்து, காலைத் தூக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன். பந்து பாதி வழியில் தரையில் விழுந்து, மெதுவாக உருண்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுவிட்டது. மரியாதைக்கு இரண்டு பேர் கைதட்டினார்கள்.

மைக் வைத்திருந்த விமல், “பரவால்ல டீச்சர், இன்னொரு தபா போடுங்க” என்றான்.

“எத்தினி தபா போட்டாலும் எனக்கு எட்டாதுப்பா” என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. “சோனியா அக்கா போட்டிருந்தா எட்டியிருக்கும்.”